வேருக்கும் மூச்சு உண்டு!

தாம்பரம் பக்கம் சில தெருக்களில், முன்பு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது படி இறங்கிப் போக வேண்டும். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. மழை வந்தால் தண்ணீர் வீட்டுக்குள்! பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021ல் தமிழக அரசு உத்தரவிட்டது.

மனிதர்கள் முறையிடுவார்கள். தெருவோரப் புங்க மரம் என்ன செய்யும், பாவம்? மண்ணுக்குள் இருக்கும் காற்றைத்தான் வேர் சுவாசிக்கிறது. அடிமரத்தை ஒட்டித் தாரோ, சிமென்ட்டோ பூசினால் காற்றும் மழைநீரும் உள்ளே இறங்காது. மண்புழுவுக்கும் வழியில்லை. மரம் மெல்ல மெல்ல வாடும். அது போனால் அணிலும் காக்கையும் வீடிழக்கும்.

டில்லி மரங்களுக்காக 2013ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்கு சிமென்ட் கூடாது என்றது. உங்கள் ஸ்கேலில் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் தெரு மரத்துக்கு எத்தனை ஸ்கேல் மண் இருக்கிறது? அளந்து பாருங்களேன்!