குளிர் வெயிலும் தோலைச் சுடும்

தை, மாசியில் நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் விடியப் பெரட்டுக்குப் போகும்போது புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். பத்து மணிக்குப் பிறகு வானம் வெளுத்து, வெயில் இதமாகப் படும். "இந்த வெயில் என்னா செய்யப் போகுது?" என்று முக்காட்டைத் தளர்த்திவிட்டுக் கொழுந்து எடுக்கிறோம். மாலையில் முகம் கழுவினால் கன்னம் எரிகிறது, உதடு வெடித்திருக்கிறது. "பனி அடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொள்கிறோம். பாதிப் பழி வெயிலுக்கும் உண்டு.

சூடு வேறு, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் வேறு. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, உடம்பில் உறைக்கவும் செய்யாது. ஆயிரம் மீற்றர் உயரம் ஏறினால் அது 10 வீதத்துக்குக் குறையாமல் கூடும். நுவரெலியா நகரம் 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. வானம் ஒரே மாதிரி இருந்தால், கொழும்புக் கடற்கரையைவிட இங்கே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மெல்லிய மேகமும் அதை மறைக்காது. குளிருது என்பதால் சூரியன் தூரப் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருகிறது.

இதோடு காய்ந்த காற்று தோலின் ஈரத்தையும் எடுத்துவிடும். வேலை முடிந்து வந்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, உடுப்புக்குப் போடும் சவர்க்காரத்தாலேயே முகத்தையும் தேய்த்தால் மிச்ச எண்ணெய்ப் பசையும் போய்விடும். மருந்தடிக்கிறவர்களுக்கு இது இன்னும் மோசம். வெடித்த தோல் வழியாக மருந்து உடம்புக்குள் சுலபமாக இறங்கும்.

இளஞ்சூட்டுத் தண்ணீரே போதும். துடைத்த கையோடு, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காயெண்ணெயோ வாசலினோ பூசுங்கள். ஆனால் காலையில் எண்ணெய் மினுங்க மலைக்குப் போனால் வெயில் தாக்காது என்பது தவறு. எண்ணெய் ஈரத்தைக் காக்கும். கதிரைத் தடுக்க அது போதாது.

அதற்கு சன்ஸ்கிரீன் வேண்டும். டியூப்பில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். ஈரம் காக்கும் கிரீம் முதலில், அது ஊறிய பின் சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, வெளியே இறங்கக் கால் மணி முன்பு பூச வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தடவை மறுபடியும். இப்படிப் பூசினால் ஒரு டியூப் எத்தனை நாளைக்கு வரும்? தோட்டச் சம்பளத்தில் கட்டாது என்பது எங்களுக்கும் தெரியும். வாங்க முடியாதவர்கள் நெற்றி, காது, கழுத்து மறைய முக்காடு கட்டி, மேலே அகலத் தொப்பியும் நீளக்கைச் சட்டையும் போடுங்கள். வாங்கியவர்களும் முக்காட்டைக் கழற்ற வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். கன்னத்தில் மங்கு விழுந்த பெண்கள் சிலர், தயாரித்தவர் பெயர்கூட இல்லாத வெள்ளையாக்குகிற கிரீமை சன்ஸ்கிரீன் என்று நம்பி வாங்குகிறார்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீரொயிட் மருந்தும் கலந்திருக்கும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். ஸ்டீரொயிட் தோலை மெலியச் செய்யும். விட்டதும் முகம் சிவந்து எரியலாம். அதற்குப் பயந்து அதையே மறுபடி பூசாமல், டப்பாவோடு போய் வைத்தியரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகள் மிட்வைஃப் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.