தாய்க்குப் போடும் இன்சுலின் குழந்தையைச் சேருமா?

கர்ப்பகால நீரிழிவுக்கு இன்சுலின் தேவை என்று கூறியதும், பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், முடிச்சூர் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் பலரும் கேட்பது ஒன்றே: “ஊசி மருந்து வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்காதா, டாக்டர்?” இந்த அச்சத்தால் ஊசியைத் தாமதிப்போரும் உண்டு. கருவில் குழந்தை வளரும் விதத்தை அறிந்தால் இவ்வச்சம் நீங்கும்.

தாயின் இரத்தமும் சிசுவின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. இரண்டிற்கும் இடையில் நஞ்சுக்கொடி நிற்கிறது. குளுக்கோஸ் அதனை எளிதில் கடந்துவிடும். இன்சுலின் குறிப்பிடத்தக்க அளவில் கடப்பதில்லை. ஆகவே, தனக்கு வேண்டிய இன்சுலினைச் சிசு தானே சுரந்துகொள்கிறது. கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் முடிவதற்குள் அதன் கணையம் இப்பணியைத் தொடங்கிவிடுகிறது.

பெரியவர்களுக்கு இன்சுலின் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன். கருவறையிலோ அது வளர்ச்சியைத் தூண்டும் காரணியாகவும் செயற்படுகிறது. தாயின் சர்க்கரை மிகுந்தால் சிசுவுக்குச் செல்லும் சர்க்கரையும் மிகும். அதன் கணையம் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கும். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களில் விளக்கிய உண்மை இது. இதன் விளைவாக உடலில் கொழுப்பு சேர்கிறது; இதயச் சுவர் தடிக்கலாம்; நுரையீரலின் காற்றறைகளை விரிந்த நிலையில் வைத்திருக்கும் பொருள் உருவாவது தாமதமாகலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் மிகை இன்சுலின் உடனே குறையாது. அதனால் பிறந்த சில மணி நேரத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். எடை மிகுந்த குழந்தையெல்லாம் நலமான குழந்தை என்று எண்ணுதல் கூடாது.

இது நம் வட்டாரத்தில் அரிதான நோயன்று. டாக்டர் வி. சேஷையா குழுவினரின் ஆய்வில், சென்னை நகரக் கர்ப்பிணிகளில் 17.8 விழுக்காட்டினருக்கும், திருவள்ளூர் கிராமப்புறத்தில் 9.9 விழுக்காட்டினருக்கும் இது காணப்பட்டது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்பரிசோதனை செய்ய வேண்டுமெனத் தமிழ்நாடு அரசு 2007-இல் ஆணையிட்டது. வெறும் வயிற்றில் வரவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்து அருந்தி, 2 மணி நேரம் கழித்து இரத்தம் தரவேண்டும். அளவு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்கிறோம். முதல் வருகையிலும், அப்போது இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் ஒருமுறையும் இதனைச் செய்துகொள்ளுங்கள்.

பலருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியுமே போதும். “இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்” என்று வீட்டுப் பெரியவர்கள் அன்புடன் சோற்றை அள்ளி வைப்பதைக் குறைத்து, காய்கறி, கீரை, பயறு வகைகளைக் கூட்டலாம். உணவுக்குப் பின் 2 மணி நேரத்தில் சர்க்கரை 120 மி.கி.க்குள் நிற்கவேண்டும். இரண்டு வாரங்களில் அவ்வாறு நிற்கவில்லையெனில் மருந்து தேவைப்படும்.

அம்மருந்து இன்சுலின் எனில் அஞ்சவேண்டாம். அது தாயின் சர்க்கரையைக் குறைக்கிறது. சிசுவின் கணையத்துக்கு மிகைச் சுமை நேராமல் காக்கிறது. நஞ்சுக்கொடியைக் கடப்பது ஊசியில் உள்ள இன்சுலின் அன்று, கட்டுப்படாத சர்க்கரையே. மருத்துவரைக் கேளாமல் ஊசியை நிறுத்தாதீர்கள். பிரசவமான 6 வாரங்களில் தாய் மீண்டும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வதும் இன்றியமையாதது.