மல்லிகைப்பூவும் கேஸ் மாத்திரையும்

தென்மாவட்டக் கிராமங்களில் ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. பிறந்த குழந்தை தங்காமல் போன வீட்டில், தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாய் இறுகிவிடும். அப்போது மூத்த பெண்கள் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். சில நாட்களில் பால் வற்றும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடவில்லை. பால் வற்றுவதற்கு அப்போது தரப்பட்டுவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையைச் சில தாய்மார்களுக்கும், மல்லிகைப்பூவைச் சிலருக்கும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 1988-ல் வெளிவந்தது. ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோனை இரண்டுமே குறைத்தன. மாத்திரை கூடுதலாகக் குறைத்தது. ஆனால் பால் வற்றுவதிலும் மார்பு இறுக்கம் தணிவதிலும் பூவும் மாத்திரையும் ஏறத்தாழச் சமமாக நின்றன.

இந்தப் புரோலாக்டின்தான் பால் சுரக்கச் சொல்லும் ஹார்மோன். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை அனுப்புகிறது. அளவுக்கு மீறாதபடி டோபமைன் என்ற வேதிப்பொருள் கடிவாளம் பிடித்திருக்கிறது. கடிவாளம் தளர்ந்தால், கருத்தரிக்காத பெண்ணுக்கும் பால் வரலாம். அதைத் தளர்த்தும் ஒரு பொருள் அன்றாடம் விழுங்கும் மாத்திரையிலேயே இருக்கக்கூடும்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில், அர்ச்சுனா நதி அணையை ஒட்டியிருக்கிறது ஆனைக்குட்டம். இந்த வட்டாரத்துப் பெண்கள் பலருக்குப் பிழைப்பு 'பயர் ஆபீஸ்' என்று ஊரார் சொல்லும் பட்டாசுத் தொழிற்சாலையிலோ தீப்பெட்டி ஆபீஸிலோதான். விடியற்காலையில் சமைத்து, தூக்குவாளியோடு வண்டி ஏற வேண்டும். காலைச் சாப்பாடு தள்ளிப்போகும், வயிறு உப்பும், நெஞ்சு எரியும். மருந்துக்கடையில் கேட்டால் ஒரு கேஸ் மாத்திரை கிடைக்கும்.

அந்த மாத்திரைகளில் பலவற்றில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டாம்பெரிடோன் என்ற மருந்தும் சேர்ந்திருக்கிறது. அது டோபமைனின் வேலையைத் தடுக்கும். அதாவது, புரோமோகிரிப்டின் இழுத்துப் பிடிக்கும் அதே கடிவாளத்தை இது தளர்த்திவிடும். விளைவாகச் சிலருக்கு மார்புக் காம்பில் பால் கசியலாம். மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகளாலும் இப்படி நேரும். அதற்காக அந்த மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால், தேவைப்பட்டால் மாற்று மருந்து தருவார்.

கல்யாணம் ஆகாத பெண்ணின் ரவிக்கையில் பால் கறை தெரிந்தால் வீட்டில் எழும் முதல் சந்தேகம் என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பயத்திலேயே பெண்கள் வாயைத் திறப்பதில்லை. மருத்துவரும் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார். அது சந்தேகம் அல்ல, எல்லோருக்கும் செய்கிற முதல் படி. அடுத்து புரோலாக்டின் அளவையும் தைராய்டையும் பார்ப்பார்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் பால் கசியும், மாதவிலக்கு தள்ளிப்போகும். பிட்யூட்டரியில் சிறு கட்டி இருந்தாலும் இதே கதைதான். கட்டி பெரிதானால் கூடவே தலைவலியும், பக்கவாட்டுப் பார்வைக் குறைவும் வரலாம். இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் வகை அல்ல. பலருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமல் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

பச்சிளங்குழந்தைக்கும், ஆண் பெண் பேதமில்லாமல், மார்பில் துளி பால் வருவதுண்டு. தாயின் ஹார்மோன்கள் விட்டுச் சென்ற மிச்சம் அது. அதை அமுக்கி எடுக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அமுக்கினால் புண்ணாகிச் சீழ் பிடிக்கலாம். விட்டுவிட்டால் சில வாரங்களில் தானே வற்றும். பெரியவர்களுக்கும் இதே விதிதான். 'இன்னும் வருகிறதா' என்று தினமும் அமுக்கிப் பார்த்தால், அந்தத் தூண்டுதலே கசிவை நிற்கவிடாது.

கசிவதெல்லாம் பால் அல்ல. இரண்டு மார்பிலும், அமுக்கினால் மட்டும், மஞ்சளாகவோ பச்சையாகவோ வருவது பெரும்பாலும் தொல்லையில்லாதது. சிவந்து, வலித்து, காய்ச்சலோடு சீழ் வந்தால் அது தொற்று, உடனே மருந்து வேண்டும். தள்ளிப்போடக் கூடாதவை வேறு: ஒரு பக்கம் மட்டும், ஒரே துளையிலிருந்து, அமுக்காமலேயே கசிவது, ரத்தமாகவோ தண்ணீர் போலத் தெளிவாகவோ வருவது, கூடவே கட்டி தட்டுப்படுவது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, காம்பில் ஆறாத சொறி. ரத்தம் வந்தாலே புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. பால் குழாய்க்குள் வளரும் மரு போன்ற சாதாரணக் கட்டியும் ரத்தம் கசியவைக்கும். எது என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

இளம்பெண்களுக்குத் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை, கையில் பட்டதும் கோலிக்குண்டு போல நழுவி ஓடும் ஃபைப்ரோஅடினோமா வகை. ஆபத்தில்லாதவை. முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். அந்த வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. ஆனாலும் 'சின்ன வயசுதானே' என்று கட்டியைக் காட்டாமல் இருக்கக் கூடாது. இந்தியப் பெண்களுக்கு மார்புப் புற்றுநோய், மேலை நாட்டுப் பெண்களைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே வருகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது இந்த வட்டாரத்தின் நிஜமான கஷ்டம். முதல் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், அதில் கூச்சப்பட எதுவுமில்லை.

போகும் முன் மூன்று விஷயங்களைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமா, இரு பக்கமுமா? தானாக வருகிறதா, அமுக்கினால்தானா? வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தால் என்ன நிறம்? கூடவே, கடைசி மாதவிலக்கு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள், கேஸ் மாத்திரை உட்பட.