பாட்டில் கழுத்தில் மணலி

மணலி எம்.எஃப்.எல். சந்திப்பைக் கடந்து போகிறவர்களுக்கு டேங்கர் லாரிகளும் காற்றில் வரும் வாடையும்தான் நினைவில் நிற்கும். அங்கே வடித்தெடுக்கப்படும் ஒரு கரைப்பான், தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் தேதி அச்சடிக்கும் மைக்கு அடிப்படை என்பது பலருக்குத் தெரியாது.

பெயர் மெத்தில் எத்தில் கீட்டோன். தொழிலில் எம்.இ.கே. 1969-இல் ஓடத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையில் (இன்றைய சி.பி.சி.எல்.) கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் பியூட்டிலின் வாயுவை முதலில் ஆல்கஹாலாக்கி, பிறகு அதிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றினால் எம்.இ.கே. வரும். மணலியிலேயே உள்ள செடெக்ஸ் பெட்ரோகெமிக்கல்ஸ் செய்வது இதைத்தான். பெரும்பகுதி பெயின்டுக்கும் பசைக்கும் போய்விடுகிறது. மைக்குப் போவது சிறு பங்கு. ஆனால் அந்த மையின் கெட்டிக்காரத்தனமே தனி.

தேதியை உற்றுப் பாருங்கள். எழுத்தெல்லாம் புள்ளிகள், உயரத்துக்கு ஏழு புள்ளி இருக்கும். நிமிடத்துக்கு 600 பாட்டில் ஓடும் லைனில், பாட்டிலைத் தொடாமலே எழுத வேண்டும். தலைமுடித் தடிமனுள்ள துளை வழியே மை பீய்ச்சப்படுகிறது. அதிரும் ஒரு படிகம் அந்தத் தாரையை விநாடிக்குச் சுமார் ஒரு லட்சம் துளிகளாக நறுக்குகிறது. எழுத்தாக வேண்டிய துளிக்கு மட்டும் மின்னேற்றம். அது எவ்வளவோ, அவ்வளவு உயரத்துக்கு விலகிப் போய் ஒட்டும். மற்றவை நேராகப் போய்க் குழாயில் விழுந்து தொட்டிக்கே திரும்பும். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்வீட் 1960-களில் வகுத்த வழி இது.

மை தயாரிப்பவருக்குத் தலைவலி இங்கேதான். துளையில் காயக் கூடாது; பாட்டிலில் பட்டதும் ஓரிரு விநாடியில் காய வேண்டும். எம்.இ.கே. 80 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிப்பதால் சட்டென்று பறந்துவிடும். ஒட்டிக்கொள்ள ரெசின், நிறத்துக்குக் கரையும் சாயம், மின்னேற்றம் பிடிக்கக் கொஞ்சம் உப்பு. நிறமித்தூள் அடியில் தங்கி அடைக்கும் என்பதால்தான் கறுப்பு மைக்குச் சாயம். கரும்பாட்டிலுக்கான வெள்ளை மைக்கு நிறமி இல்லாமல் முடியாது. அதைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதிலும் நம் கடலோரப் புழுக்கம் குறுக்கே வரும். திரும்பும் துளிகளோடு மெஷின் காற்றையும் உறிஞ்சுகிறது. அந்தக் காற்றின் ஈரம் மையில் கரைகிறது. தண்ணீர் கூடினால் ரெசின் பிரியும், ஒட்டும் திறன் குறையும். கோடையில் வேறு தொல்லை: கரைப்பான் ஆவியாகி மை தடிக்கும், மெஷின் அளந்து அளந்து புதுக் கரைப்பானை ஊற்றிக்கொள்ளும். லைன் நின்று கிடந்த மறுநாள் காலை ஆபரேட்டர் துளையைக் கழுவித்தான் வேலையைத் தொடங்குவார். குளிர்ந்த பாட்டிலில் வியர்த்திருந்தால் எந்த நல்ல மையும் நழுவும். முதலில் காற்றை ஊதித் துடைப்பதே வழி. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிற கம்பெனியின் தேதிதான் கடையில் பாதி எழுத்தோடு நிற்கிறது என்பது என் கணிப்பு.

எளிதில் கரைவதே இந்த மையின் பலவீனமும். நகப்பூச்சு நீக்கியைத் தொட்டு ஒரு துடைப்பு. தேதி காணாமல் போகும். காலாவதிச் சரக்கில் புதுத் தேதி குத்த நினைப்பவனுக்கு அதுவே வசதி. எனவே தேதி மங்கியோ, மேலே மேலே அடித்தது போலவோ இருந்தால் வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள்.