குதிரைசக்தியை அளந்து கேட்போம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் சரக்கெடுக்க வரும் வியாபாரி, விற்பவர் வாயால் சொல்லும் சதுர அடிக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. அளவு இயந்திரத்தில் தோல் நுழைந்து வெளிவந்து, அதன் உட்புறத்தில் இலக்கம் எழுதப்பட்ட பிறகே விலை பேசுகிறார். இந்த விவேகம் விமான எஞ்சின் விஷயத்தில் அநேகரிடம் காணப்படவில்லை என்பதே என் விசனம். கார் எஞ்சினைச் சற்றே மாற்றியமைத்துச் சிறு விமானத்துக்கு விற்போர் "நூறு குதிரைசக்தி" என்று விளம்பரம் செய்தால், ஆசையோடு விமானம் கட்டுகிறவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் கூடிப் பிறப்பது குதிரைசக்தி. அந்தக் கார் எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் நூறு தருவது சத்தியமாகவே இருக்கலாம். ஆனால் புரொப்பெல்லரை அதன் தண்டிலேயே நேராகப் பூட்டினால், இறகு நுனி ஒலியின் வேகத்தை எட்டாதிருக்கும்பொருட்டு 3,000 சுற்றை ஒட்டியே நிறுத்தவேண்டியிருப்பதால், அதே முறுக்குவிசையில் கைக்குக் கிடைப்பது பாதிதான். கியர் பெட்டி வைத்து மீட்கலாம். அதற்குரிய பாரத்தையும் சுமந்தாக வேண்டும். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனத்தார் 1958-இல் பறக்கவிட்ட 'புஷ்பக்' விமானத்தின் கான்டினென்டல் எஞ்சின், ஏறக்குறைய 3.3 லிட்டர் கொள்ளளவோடு, 2,475 சுற்றில் தந்தது 90 குதிரைசக்தியே. அதில் பாதிக் கொள்ளளவுள்ள ஒன்று, டர்போ துணையுமின்றி, அதே சுற்றில் நூறு தருமென்றால் ஐயுறுவதே நியாயம்.

பெட்ரோல் செலவைக் கேட்பதும் நல்ல பரீட்சை. ஒரு குதிரைசக்திக்கு மணிக்குச் சுமார் 200 கிராம் பெட்ரோல் எரிந்தாக வேண்டும். நூறுக்கு ஏறத்தாழ 28 லிட்டர். முழு வேகத்தில் மணிக்குப் பதினைந்து லிட்டரே குடிக்கிறது என்று பெருமை பேசுகிறவர், தம் எஞ்சினின் பலம் ஐம்பதைச் சற்றே தாண்டியது என்பதைத் தாமே ஒப்புக்கொள்கிறார்.

விளம்பர எண், வழக்கமாக 15 டிகிரி வெப்பத்தில் கடல்மட்டத்துக்குக் கணித்தது. வேலூர்ச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைந்து, எஞ்சின் தளர்வதோடு புரொப்பெல்லரும் இறக்கையுங்கூட வலுவிழக்கின்றன. வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் போன்றதொரு ஓடுதளத்தின் கோடியில், எதிரே மரங்கள் வளர்ந்து நிற்க, மேலெழும்ப வேண்டிய விமானிக்கு அந்தக் குறைவு பிராண சங்கடமாகவே முடியலாம்.

ஆகவே, எஞ்சின் வாங்க விழையும் அன்பர்களே, எஞ்சினின் பலத்தை அளக்கும் டைனமோமீட்டர் பரிசோதனைத் தாளை, எந்தச் சுற்றில், எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் ஓட்டி அளந்தது என்ற விவரங்களோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; கொடுக்க மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.