கடலடிச் செல்வமும் நோர்வே கற்ற கல்வியும்

1958ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டின் புவிச்சரிதவியல் ஆய்வு நிலையத்தார் தம் நாட்டு வெளிநாட்டு அமைச்சுக்கு ஒரு கடிதம் வரைந்தனர். கரையோரக் கடலடித் தரையில் நிலக்கரியோ எண்ணெயோ கந்தகமோ கிடைக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம் என்பதே அதன் சாரம். இன்று அதே நோர்வே, ஐரோப்பாவுக்கு எண்ணெயும் இயற்கை வாயுவும் வழங்கும் நாடுகளுள் முதன்மையான ஒன்றாக விளங்குகின்றது. கடலடியில் எண்ணெய் இருந்தமை இயற்கையின் கொடை; அதனை எடுக்கும் வித்தையைத் தனதாக்கிக்கொண்டமை அந்நாட்டு மக்களின் முயற்சி. அம்முயற்சி எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

அக்காலத்தில் நோர்வேயின் மக்கள் தொகை ஏறக்குறைய 36 இலட்சம். மீன்பிடித்தலிலும் கப்பலோட்டுதலிலும் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறுதலிலும் வல்லவரான அம்மக்கள், எண்ணெயைப் பற்றி அறிந்திருந்தது சிறிதே. 1959இல் ஒல்லாந்து தேசத்துக் குரோனிங்கன் என்னுமிடத்தில் பெருந்தொகையான இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. வடகடலின் கீழும் இத்தகைய செல்வம் மறைந்திருத்தல் கூடும் என்று எண்ணெய்க் கம்பனிகள் கருதத் தொடங்கின. 1962இல் பிலிப்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி நோர்வே அரசாங்கத்தை அணுகி, கடலடியில் எண்ணெய் தேடும் உரிமைக்கு மாதந்தோறும் 160,000 டொலர் தருவதாகக் கூறிற்று.

தேடி வந்த பணத்தைப் பொறுத்திரு என்று கூறுவதற்கு மனத்திடம் வேண்டும். அரசாங்கம் அவசரப்படவில்லை. 1963இல் தன் கரையை அடுத்த கடலடித் தரை தனக்கே உரியது எனப் பிரகடனஞ் செய்தது. 1965இல் பிரித்தானியாவுடனும் டென்மார்க்குடனும் நடுக்கோட்டின்படி எல்லை வகுத்துக்கொண்டது. அதே ஆண்டில் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 78 கட்டங்களுக்கு 22 அனுமதிப் பத்திரங்களைப் பல கம்பனிகளுக்கும் பகிர்ந்தளித்தது. 1966இல் துளைத்த முதற் கிணற்றில் பயனில்லை. 1969ஆம் ஆண்டின் இறுதியிலேயே எக்கோபிஸ்க் என்னும் பெரிய எண்ணெய் வயல் அகப்பட்டது. 1971இல் அங்கிருந்து எண்ணெய் வெளிவரத் தொடங்கியது.

உடைமை வேறு, அறிவு வேறு

எண்ணெய் நோர்வேக்கு உரியது. ஆனால் அதனை எடுக்கும் அறிவோ அந்நியரிடம் இருந்தது. இந்நிலை நீடித்திருப்பின் நோர்வே வாடகை வாங்கும் வீட்டுக்காரனாகவே இருந்திருக்கும். இதனை உணர்த்தியவர்களுள் ஒருவர் பாறூக் அல்-காசிம் என்னும் ஈராக்கியப் புவிச்சரிதவியலறிஞர். நோயுற்ற தம் இளைய மகனின் சிகிச்சையை முன்னிட்டு, 1968இல் நோர்வேயிற் பிறந்த மனைவியுடன் அந்நாட்டுக்கு வந்தவர் அவர். வேலை தேடும் பொருட்டு, அங்குள்ள எண்ணெய்க் கம்பனிகளின் பெயர்களைக் கேட்டறியக் கைத்தொழில் அமைச்சுக்குச் சென்றார். எண்ணெய் பற்றி அறிந்தவர் ஒருவர் வாராரா என்று காத்திருந்த அமைச்சு அவரையே தன் பணிக்கு அமர்த்திக்கொண்டது.

1971இல் பாராளுமன்றக் குழுவொன்று எண்ணெய்க் கொள்கைக்குப் பத்து விதிகளை வகுத்தது. மறு ஆண்டு, நாட்டுக்குச் சொந்தமான ஸ்தாத்தொயில் என்னும் கம்பனியையும், எண்ணெய் வளத்தை மேற்பார்வை செய்யும் தனியான பணியகத்தையும் பாராளுமன்றம் நிறுவியது. கொள்கை வகுப்பது அமைச்சு; கண்காணிப்பது பணியகம்; வியாபாரஞ் செய்வது கம்பனி. விளையாடுபவனே நடுவனாகவும் இருத்தல் ஆகாது என்பது இவ்வேற்பாட்டின் கருத்து.

இதனினும் முக்கியமான படி 1979இல் எடுத்து வைக்கப்பட்டது. அவ்வாண்டின் நான்காம் சுற்று அனுமதிப் பத்திரங்களை நாடிய வெளிநாட்டுக் கம்பனிகள், வயல்களை உருவாக்குதற்கு வேண்டிய ஆராய்ச்சியிற் குறைந்தது பாதியையேனும் நோர்வேயிலேயே நடத்த உடன்படுமாறு வேண்டப்பட்டன. எண்ணெயை விரும்புவோர் அறிவையும் விட்டுச் செல்லல் வேண்டும் என்பதே இதன் பொருள். இதனால் அந்நாட்டுச் சர்வகலாசாலைகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் பணமும், மாணவர்களுக்கு உண்மையான வினாக்களும் கிடைத்தன.

குழாயினுள்ளே ஒரு வினா

அவ்வினாக்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிணற்றிலிருந்து எண்ணெய், வாயு, நீர் ஆகிய மூன்றும் கலந்தே வருகின்றன. நெடுந்தூரக் குழாயொன்றிலே இவை சேர்ந்து ஓடும்போது, பள்ளமான இடங்களில் திரவம் தேங்கும். பின்னால் வரும் வாயு அத்திரவத்தைக் கட்டியாகத் தள்ளி வந்து, இயந்திரங்களின் மீது சம்மட்டிபோல் மோதச் செய்யும். ஆதலின் ஒவ்வொரு வயலின் மேலும் மேடையொன்றை அமைத்து இவற்றை அங்கேயே பிரிக்க வேண்டியிருந்தது. இவ்வோட்டத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமாயின், மேடையின்றியே கரைவரை குழாய் இடலாம். திரொண்ட்ஹைம் நகரின் அருகே 1983இல் அமைந்த ஆய்வுகூடத்தில் இதற்கான பரிசோதனைகள் நடைபெற்றன. அதன் பலனை 2007இல் உலகம் கண்டது. ஸ்னோவிட் என்னும் வாயு வயலின் இயந்திரங்கள் யாவும் கடலடியிலே கிடக்க, 143 கிலோமீற்றர் நீளமான குழாய் வாயுவைக் கரை சேர்த்தது. கடலின் மேற்பரப்பில் ஒரு மேடையும் இல்லை.

கொங்கிறீற்று வேலையிலும் அவர்கள் இவ்வாறே முன்னேறினர். 1995இல் கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்ட துறோல் மேடையின் உயரம் அடிமுதல் முடிவரை 472 மீற்றர். ஆழமான மலைக்குடாக்களைக் கொண்ட அந்நாடு, இத்தகைய பேருருவங்களைக் கரையோரத்திலே நிமிர்த்திக் கட்டுதற்கு இயற்கையாகவே வாய்த்த இடமாகும்.

கல்விக்குக் கொடுத்த விலை

ஆயினும் இக்கல்வி இலவசமாகக் கிட்டியதன்று. 1991 ஆகத்து மாதத்தில் ஸ்லைப்னர் மேடையின் கொங்கிறீற்று அடிப்பாகம் சோதனையின்போது வெடித்து மலைக்குடாவில் மூழ்கியது. சுவரொன்று தாங்கவேண்டிய விசையைக் கணினி 47 சதவீதம் குறைத்துக் கணித்திருந்தமையே பிரதான காரணம். உயிர்ச்சேதம் இல்லை, ஆயின் இயந்திரம் தந்த விடையைச் சரிபாராது நம்புதல் எத்தகைய ஆபத்து என்பதைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் இந்நிகழ்ச்சியைக் கொண்டே படிக்கின்றனர்.

இதனினும் கொடியது 1980 மார்ச்சு 27ஆம் திகதி நிகழ்ந்தது. தொழிலாளர் தங்கும் மிதக்கும் விடுதியாக இருந்த அலெக்சாந்தர் கீலாண்ட், புயலிலே ஒரு கால் முறிந்து கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். சிறிய ஒட்டுவேலை ஒன்றில் தோன்றிய வெடிப்பு, அலைகளின் ஓயாத மோதலால் வளர்ந்து இவ்வழிவை விளைத்தது. அதன்பின் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. எண்ணெய் வேலையின் தொடக்க காலத்தில் கடலுள் மூழ்கிப் பணி செய்தோர் பலர் உடல்நலம் இழந்தனர். ஆழத்திலிருந்து மேலெழுதற்கான கால அட்டவணைகளின் ஆபத்தை அறியும் வாய்ப்பை அவர்களுக்கு அரசு உறுதி செய்யவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. செல்வத்தின் கணக்கிலே இவ்வுயிர்களையும் எழுதாதுவிடின் அக்கணக்கு நிறைவுறாது.

2001இல் எண்ணெய் அமைச்சின் முயற்சியால் ஓ.ஜீ. 21 என்னும் தேசியத் தொழில்நுட்பத் திட்டம் தோன்றியது. எண்ணெய்க் கம்பனிகள், இயந்திரம் வழங்குவோர், ஆராய்ச்சியாளர், அரசாங்கத்தார் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து, நாடு அடுத்து எதனைக் கற்க வேண்டும் என்று முடிவு செய்கின்றனர். காலத்துக்குக் காலம் அம்முடிவு திருத்தப்படுகின்றது. எஞ்சிய எண்ணெயை மேலும் எடுத்தல், செலவையும் விபத்தையும் புகையையும் குறைத்தல் என்பன அதன் நோக்கங்கள். எக்கோபிஸ்க் வயலில் தொடக்கத்தில் 17 சதவீத எண்ணெயையே எடுக்கலாம் என மதிப்பிட்டனர். நீரைப் பாறையுள் செலுத்தும் முறையால் அம்மதிப்பு ஏறக்குறைய 50 சதவீதமாக உயர்ந்தது. ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் காபனீரொட்சைட்டைக் கடலடிப் பாறையுள்ளே செலுத்தி அடைத்து வருகின்றனர். எனினும், விற்ற எண்ணெய் பிற நாடுகளில் எரியும்போது எழும் புகைக்கு இத்திட்டம் விடை கூறவில்லை. அது பற்றி அந்நாட்டு மக்களிடையே வாதம் ஓயவுமில்லை.

நம் நாட்டு மாணவர்க்கும் இது தூரதேசத்துக் கதையன்று. 2011இல் மன்னார்க் கடலில் வெளிநாட்டுக் கம்பனியொன்று இருவிடங்களில் இயற்கை வாயுவைக் கண்டது. 2015இல் அக்கம்பனி விலகிற்று. அவ்வாயு இன்றும் கடலடியிலே கிடக்கின்றது. அதனை எடுப்பதா விடுவதா என்பதிலே கருத்து வேற்றுமை இருக்கலாம். அக்கடலை நம்பி வாழும் மீனவரின் குரலும் அங்கு கேட்கப்படல் வேண்டும். ஆயினும் அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும் நாளில், அதன் ஒவ்வொரு வரியையும் படித்து அதன் பொருளை உணரவல்ல புவிச்சரிதவியலாளரும் பொறியியலாளரும் சட்டவறிஞரும் நம்மிடையே இருத்தல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆழம் அறியாமல் காலை விடாதே என்பர் நம் முன்னோர். ஆழத்தை அளந்தறிவோர் இன்று நம் வகுப்பறைகளிலேதான் உருவாதல் வேண்டும்.