நெளியும் காற்றுக்கு நடுவே வியாழனைப் படம் பிடித்தல்

தொலைநோக்கியில் வியாழனை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பலரும் ஏமாந்துபோவார்கள். பக்கத்திலேயே நிலவுகள் தெரியும். கோளோ ஒரு நிலையில் நிற்காது. எரியும் அடுப்புக்கு அப்பாலுள்ள சுவரைப் போல நெளிந்துகொண்டே இருக்கும். சூடும் குளிர்ச்சியுமான காற்று கலந்து புரள்வதால் வரும் வினை இது. 200 மி.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியால் சுமார் அரை வில்வினாடி நுணுக்கம் வரை பிரித்துக் காட்ட முடியும். ஒரு பாகையில் 3,600 வில்வினாடிகள். காற்று மோசமான இரவில் 2, 3 வில்வினாடிக்குள் இருப்பதெல்லாம் கலங்கிவிடும். வியாழனின் முழு அகலமே, மிக அருகில் வரும்போதும், சுமார் 50 வில்வினாடிதான்.

ஆனால் இடையிடையே நொடியில் ஒரு சிறு பங்குக்குக் காற்று அடங்கும். அப்படித் தெளிந்த படம் கிடைப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று 1978இல் இயற்பியலாளர் டேவிட் ஃபிரைடு கணக்கிட்டார். இன்றைய அமெச்சூர் வானியலாளர்கள் நம்பியிருப்பது அந்த வாய்ப்பைத்தான்.

அவர்கள் எடுப்பது வீடியோ. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நொடியில் நூறில் ஒரு பங்கு அளவே ஒளி விடுவார்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் பல ஆயிரம் ஃபிரேம்கள் சேரும். அதற்கு மேல் நீட்டினால் பட்டைகளும் புள்ளிகளும் இழுபடும்; வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிறதே! பிறகு ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருள் ஃபிரேம்களைத் தெளிவின்படி வரிசைப்படுத்தும். காற்று மோசமான இரவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடலாம். தேர்ந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் புள்ளிப்புள்ளியான இரைச்சல் அடங்கும்: 900 ஃபிரேம்கள் சேர்ந்தால் 30இல் ஒரு பங்காகும். கடைசியாக ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மை ஏற்ற வேண்டும். அளவு மீறினால் கோளின் விளிம்பில் பொய் வளையம் முளைக்கும்.

எடுக்கும்போதும் சில கவனங்கள் தேவை. தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள். பகல் வெயிலை உமிழும் மொட்டைமாடியைவிடப் புல்தரை மேல். அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டியும் கைகொடுக்கும். நீண்ட அலைகளைக் காற்று குறைவாகவே கலைக்கிறது. கோள் உயரே ஏறும்வரை காத்திருந்தால் ஒளி கடக்கும் காற்றும் குறையும். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் ஐரோப்பாவைவிட யோகம் அதிகம். இங்கே கோள்கள் வெகு உயரத்துக்கு வருகின்றன.

இப்படிப் படம் எடுப்பவர்களுக்குக் கண்டுபிடிப்பும் வாய்க்கலாம். 2009 ஜூலை 19 அன்று வியாழனில் ஏதோ மோதிய கருந்தழும்பை முதலில் கண்டவர் ஆஸ்திரேலிய அமெச்சூர் ஆந்தனி வெஸ்லி. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதைப் படமெடுத்தது அதன் பிறகுதான். ஆகவே, காற்று சரியில்லை என்று தொலைநோக்கியை மூடும் முன் மூன்று நிமிடமாவது பதிவு செய்துவிடுங்கள்.